குழு இல்லத்தில் தங்கி வேலை, போகலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்

செஞ்சிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. ஊர் செஞ்சி பக்கம், இப்போது பல்லாவரத்தில் சித்தி வீட்டில் இருக்கிறேன். பக்கவாதம் வந்த பாட்டியை ஒன்றரை வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன், அதற்கு அப்புறம் மூன்று வருடம் தி.நகரில் ஜவுளிக்கடையில் நின்ற வேலை. இப்போது தாம்பரம் தாண்டி ஒரு ஹோமில் தங்கி வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்தவர் சொல்லி, போய்ப் பார்த்தேன். பெரிய கட்டிடம், இரும்பு கேட், வரிசையாகக் கட்டில் என்று நினைத்துப் போனால் அது சாதாரண வீடு. வாசலில் கோலம், மாடியில் துணி காய்கிறது, ஆறு பெண்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் அறிவுசார் குறைபாடு, அதில் இரண்டு பேருக்கு ஃபிட்ஸ் வரும், ஒருவர் வீல்சேர். 24 வயதிலிருந்து 52 வயது வரை.

சம்பளம் 14,000, சாப்பாடு, தங்குமிடம். லீவு பற்றிக் கேட்டதற்கு மேடம் "அதெல்லாம் அப்பப்போ பார்த்துக்கலாம்மா" என்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. கிளம்பும்போது 40 வயது இருக்கும் ஒருவர் என் பையைப் பிடித்துக்கொண்டு "நீ எப்போ போவே?" என்று கேட்டார். இதோ கிளம்பிவிட்டேன் என்றேன். அது இல்லையாம். "அந்த அக்கா போயிட்டா, தலை சீவுற அக்கா போயிட்டா" என்று விரலை மடக்கி எண்ணிக் காட்டினார். நாலு விரல் மடங்கியது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சேர்ந்துவிட்டு ஆறு மாதத்தில் ஓடிவந்து ஐந்தாவது விரலாக ஆக எனக்கு விருப்பமில்லை. அனுபவம் உள்ளவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

அம்பத்தூர்_தம்பி

அந்த "அப்பப்போ பார்த்துக்கலாம்" என்பதற்கு எழுதி வாங்காமல் சேராதீர்கள் அக்கா. மற்றதை வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

விட்டுவந்தவள்

நான் 14 மாதம் இருந்துவிட்டு வந்தவள். எந்த ஹோம் என்று சொல்ல மாட்டேன். இப்போது வேறு வேலை.

தங்கி வேலை என்றால் வேலை நேரம் என்ன, முடிவது எப்போது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலை ஐந்துக்கு எழுந்து ஒருவர் ஒருவராகக் குளிப்பாட்டி, டிபன், மாத்திரை, துணி, மதிய சமையல். சமையல்காரம்மா வராத நாளில் அதுவும் நானே. இரவு பத்துக்குப் படுத்தால் ஒருவர் பன்னிரண்டுக்கு எழுந்து நடப்பார், இன்னொருவர் மூன்று மணிக்குப் படுக்கையை நனைத்துவிடுவார். மாற்றிப் படுக்க வைத்து மறுபடி கண் அயர்வதற்குள் பால்காரர் வந்துவிடுவார். இப்படியே 40, 50 நாள் ஓடிவிடும். ஊருக்குப் போய்விட்டு வரட்டுமா என்று கேட்டால் "நீ போனா இவங்களை யார் பார்ப்பாங்க" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் உட்கார்ந்துவிடுவேன், ஏனென்றால் அது உண்மை. அவர்களை எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்துதான் அதைச் சொன்னார்கள்.

ஒரு நாள் ராத்திரி மாத்திரையை இரண்டு பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். தூக்கம்தான் காரணம். டாக்டருக்கு போன் செய்து, விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரவுதான் முடிவெடுத்தேன். நான் கெட்டவளாக மாறவில்லை, களைத்துப்போனேன், களைத்த கையால் அவர்களுக்கு ஆபத்து. முதுகுவலி இன்னும் இருக்கிறது. வேலையைக் குறை சொல்லவில்லை தங்கச்சி. அவர்களில் ஒருத்தி இப்போதும் என் கனவில் வருகிறாள்.

முடிச்சூர்_அக்கா

மேலே எழுதியிருக்கும் தங்கச்சி சொன்னது எல்லாம் நிஜம், என் முதல் இடத்தில் எனக்கும் அதேதான். இப்போது 11 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இரண்டாவது ஹோம், இங்கே ஏழு வருடம். அதனால் இருக்கிறவள் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்கிறேன், நீளமாகத்தான் போகும்.

முதலில் ரிலீவர். உனக்குப் பதில் வந்து நிற்கிற ஆள் பெயர் என்ன, வாரத்தில் எந்தக் கிழமை வருவார், இதைக் கேள். "ஆள் இருக்காங்க" என்று பொதுவாகச் சொன்னால் இல்லை என்று அர்த்தம். எனக்கு ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி முதல் திங்கள் சாயங்காலம் ஆறு மணி வரை ஆஃப். ராத்திரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேறொருவர் விழித்திருப்பார், நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். உனக்கென்று தாழ்ப்பாள் போட்ட அறை கொடுப்பார்களா, ஹாலில் அவர்களோடு பாய் விரித்துப் படுக்கச் சொல்வார்களா, அதையும் பார். பாசத்துக்காக ஹாலில் படுக்கலாம், தப்பில்லை. ஆனால் அறை என்று ஒன்று இருக்க வேண்டும்.

அப்புறம் வேலை. சாப்பாடு ஊட்டுவதை எடுத்துக்கொள். பாட்டிக்கு ஊட்டியிருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வீல்சேரில் இருப்பவருக்கு மூளை முடக்குவாதம், கழுத்து நிற்காது. நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்து பார்ப்பார், சாப்பாடு மூச்சுக்குழலுக்குப் போய்விடும். அதனால் ஸ்டூல் போட்டு அவர் கண்மட்டத்துக்கு உட்காரணும். முதுகு நேராக, தாடை லேசாகக் கீழே. சின்ன ஸ்பூன், பாதி ஸ்பூன். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது. இட்லியைச் சாம்பாரில் நன்றாகக் குழைத்தால் போகும். ரசமும் காபியும்தான் புரை ஏறும், தண்ணியாக இருப்பதெல்லாம் அவருக்குக் கஷ்டம், கஞ்சிப் பதம் என்றால் பிரச்சினை இல்லை. சாப்பிட்டவுடன் படுக்க வைக்காதே, அரைமணி நேரம் உட்காரட்டும். ஒரு வேளைக்கு 40 நிமிடம் ஆகும். புதிதாக வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் "பாருங்க, சமர்த்தா சாப்பிட்டாங்க" என்பார்கள். ராத்திரி மூச்சு கரகரவென்று வரும்போது தெரியும். ஆறு பேருக்கு ஒரே ஆள் என்றால் யாருக்காவது அந்த 40 நிமிடம் கிடைக்காது. எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று நான் கேட்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஃபிட்ஸ் வந்தால் பயப்படாதே. சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, வாயில் ஸ்பூன் விடுவது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். சுற்றி இருக்கும் நாற்காலியைத் தள்ளிவிட்டு, தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ 108. வந்த நேரம், நின்ற நேரம், எந்தக் கை முதலில் இழுத்தது, எல்லாம் நோட்டில் எழுது. டாக்டருக்கு அதுதான் வேண்டும்.

சமூகப்பணி_மேற்கு

நான் இந்தத் துறையில் சமூகப் பணியாளர். போவதற்கு முன் சட்டம் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பேசும்போது தைரியமாக இருக்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 படி, மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் நடத்தக் கூடாது. சான்றிதழைப் பார்க்கலாமா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. ஒழுங்காக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) விதியில் வருகிற, பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடம் என்றால், மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், 14,000-க்கு 105 ரூபாய். அவர்கள் பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். ஆறு பேர் வீடு தனியாகச் சின்னதாகத் தெரியும், ஆனால் ஒரே டிரஸ்ட் நாலு வீடு நடத்தினால் ஆள் கணக்கு மாறும். எனவே வீட்டை வைத்துக் கணக்குப் போடாமல் டிரஸ்ட்டில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். முதுகு போனால் கே.கே.நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கார்டோடு போவதும் கையிலிருந்து செலவழிப்பதும் ஒன்றில்லை.

மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்கான இல்லம் என்றால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. அதை நான் பயிற்சியில் வரிவரியாக வாசித்துக் காட்டுவேன். கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. விரும்பினால் சொந்தத் துணி உடுத்தலாம், சீருடை திணிக்கக் கூடாது. வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். சங்கிலியில் கட்டவே கூடாது. இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பது நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். நீங்கள் போகும் வீட்டில் இரவு எந்தக் கதவு பூட்டப்படுகிறது, சாவி எங்கே தொங்குகிறது, இருட்டில் உங்கள் கைக்கு அது எட்டுமா, முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

அம்பத்தூர்_தம்பி

வந்துவிட்டேன். நான் ஆண்கள் வீட்டில் இருக்கிறேன், ஐந்து பேர், எல்லோரும் பல வருடம் மனநல ஆஸ்பத்திரி வார்டில் இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள். அக்கா போகும் இடம் வேறு மாதிரி, ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அது அவர்கள் வீடு. நாம்தான் அங்கே போய்த் தங்குகிறோம். சேர்ந்த புதிதில் நான் இது புரியாமல் டிவி ரிமோட்டை என் கையில் வைத்திருந்தேன், ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தேன், டீ எத்தனை மணிக்கு என்பதை நான் முடிவு செய்தேன். ஒரு பெரியவர், 60 வயதிருக்கும், ஒரு நாள் பொறுமையாகக் கேட்டார்: "தம்பி, நான் எப்போ தூங்கணும்னு உங்க வீட்ல உங்க அப்பாவுக்குச் சொல்வீங்களா?" அன்றைக்கே ரிமோட் ஹாலுக்குப் போனது. இப்போது அவர் காலையில் அவரே கடைக்குப் போய் பேப்பரும் பாலும் வாங்கி வருகிறார். மிச்சக் காசில் ஒரு ரூபாய் குறையாது.

மருந்து விஷயத்தில் வெயில் காலத்தைக் கவனியுங்கள். எங்களிடம் ஒருவர் லித்தியம் என்ற மனநல மருந்து எடுக்கிறார். கத்திரி வெயிலில் தண்ணீர் குறைந்து, வாந்தி பேதி வந்து, கை நடுக்கமும் தள்ளாட்டமும் சேர்ந்தால் சாதாரண சூடு என்று மோர் கொடுத்துவிட்டு உட்காரக் கூடாது, அன்றைக்கே டாக்டர். குளோசபின் என்ற இன்னொரு மனநல மருந்து எடுக்கிறவருக்கு ரத்தப் பரிசோதனைத் தேதி தவறக் கூடாது, மலச்சிக்கலை நோட்டில் எழுதியே ஆகணும். மூன்று நாள் போகவில்லை என்று யாரும் அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்கணும்.

ஆண்களும் இந்த வேலைக்கு வரணும். "ஆயா வேலையா பார்க்கிறே" என்று என் மாமா கேட்டார். ஆமாம் மாமா, அதே வேலைதான் என்றேன்.

ஒரு_அம்மா

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் மகளுக்கு 31 வயது, ஆட்டிசம். இப்படி ஒரு வீட்டில்தான் நான்கு வருடமாக இருக்கிறாள். எனக்கு 61 வயது, சர்க்கரை, முழங்கால் போய்விட்டது, அவள் அப்பா இல்லை. என் காலத்துக்கு அப்புறம் அவளை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியோடு 27 வருடம் தூங்கப் போயிருக்கிறேன்.

அவளைக் கொண்டு விட்ட அன்று வாசலில் நின்ற பெண்ணுக்கு உங்கள் வயதுதான் இருக்கும். நான் ஒரு நோட்டு கொடுத்தேன். அவளுக்குத் தயிர்சாதத்தில் கடுகு தெரியக் கூடாது, குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்துவாள், புதுத் துணியின் லேபிளை வெட்டிவிட்டுத்தான் போடணும், இப்படி 60 பக்கம். அந்தப் பெண் அதை வாங்கி ஓரமாக வைக்காமல், என் எதிரிலேயே உட்கார்ந்து முதல் பக்கம் படித்துவிட்டு, "கடுகு தாளிக்காமலே கொடுக்கலாமாம்மா, இல்ல வடிகட்டணுமா?" என்று கேட்டாள். அப்போதுதான் அந்த வீட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், அதுவரை நின்றுகொண்டே இருந்தேன்.

அவள் ஒன்றரை வருடத்தில் கல்யாணம் ஆகிப் போனாள். என் மகள் இரண்டு வாரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள், சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது, அவளும் வாழ வேண்டியவள். ஆனால் போவதற்கு முன் யாரும் என் மகளிடம் சொல்லவில்லை, "சொன்னா புரியாது" என்று விட்டுவிட்டார்கள். புரியும். எத்தனை நாள் என்று படம் போட்டுக் காட்டினால் என் மகளுக்குப் புரியும்.

முடிச்சூர்_அக்கா

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வேலையை நிறுத்திக் கொஞ்சம் நேரம் உட்கார்ந்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் வீட்டில் ஏழு பேரில் மூன்று பேருக்குத் தீபாவளிக்குக்கூட யாரும் வருவதில்லை. பணம் வந்துவிடும், ஆள் வராது. மற்றவர்களைக் கூட்டிப்போகக் கார் வரும்போது இந்த மூன்று பேரும் கேட்டருகில் நிற்பதைப் பார்க்கிற கஷ்டம் எங்களுக்குத்தான். முடியாதவர்கள் போனிலாவது பேசலாமே.

ஒரு_அம்மா

கோபம் இல்லைம்மா. நானும் முதல் ஆறு மாதம் போகவில்லை. பார்த்தால் திரும்பக் கூட்டிவந்துவிடுவேன் என்று பயம். வராதவர்கள் எல்லோரும் மறந்தவர்கள் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்பது நியாயம். இந்தத் தீபாவளிக்கு என் மகளோடு அவள் வீட்டில் மீதி இருக்கிறவர்களையும் சேர்த்துக் கூட்டிவர முடியுமா என்று பேசிப் பார்க்கிறேன்.

விட்டுவந்தவள்

எல்லோரும் பெரியவர்கள் என்கிறோம், ஆனால் ஹோமில் "பிள்ளைங்க, பிள்ளைங்க" என்றுதான் சொல்வார்கள். 52 வயதுக்காரரையும். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால் சரியாகப் படவில்லை.

முடிச்சூர்_அக்கா

நான் மாற்றிக்கொண்டேன். என்னைவிட மூத்தவர்களை அக்கா என்பேன், சின்னவர்களைப் பெயர் சொல்லி. வாடி போடி என்று பேசுவதும் உண்டு, அது எங்களுக்குள் இருக்கிற உரிமை, அவர்களும் என்னைச் சொல்வார்கள். ஆனால் குளிப்பாட்டும்போது கதவைச் சாத்தணும், ஒருவர் இருக்கையில் இன்னொருவர் எட்டிப் பார்க்கக் கூடாது, மாதவிலக்கு நாளைக் காலண்டரில் குறித்து வைத்து நாப்கின் எடுத்துக் கையில் கொடுத்து அவரையே மாற்றச் சொல்லிப் பழக்கணும். எங்கள் வீட்டில் ஒருவருக்கு அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது. முதல்முறை தானாகச் செய்துவிட்டு வந்து என் புடவையைப் பிடித்து இழுத்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார், ஒழுங்காகப் பேப்பரில் சுற்றிக் கூடையில் போட்டிருந்தார்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. மழை. 2023 டிசம்பர் 3, 4 மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ரிலீவர் வர வழியில்லை, கரண்ட் நாலு நாள் இல்லை, பால் கிடைக்கவில்லை. தண்ணீர் வாசல்படி தொட்டவுடனே நான் முதலில் மாடிக்கு ஏற்றியது மாத்திரை டப்பாவும், பால் கவரில் சுற்றி வைத்திருந்த மருந்துச் சீட்டும். அதற்கு அப்புறம் ஆட்கள். வீல்சேரோடு ஏற்ற முடியாது, போர்வையில் படுக்க வைத்து எதிர்வீட்டு அண்ணனும் அவர் மகனும் ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். அக்கம்பக்கத்தில் பழகி வைத்திருந்ததால்தான் கூப்பிட்டவுடன் வந்தார்கள். அதற்கு முன்புவரை "இந்த மாதிரி ஹோம் எல்லாம் குடியிருப்புக்கு நடுவில் எதற்கு" என்று கேட்டவரும் அதே அண்ணன்தான். நீ போகும் வீடு தாழ்வான இடமா, மாடி இருக்கிறதா, பத்து நாள் மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்குமா, இதையும் கேள்.

செஞ்சிக்காரி

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேடத்திடம் போனேன். சான்றிதழ் ஆபீஸ் அறையில் மாட்டியிருந்தது. ஈ.எஸ்.ஐ. இருக்கிறதாம், மூன்று வீட்டுக்கும் சேர்த்து 16 பேர் வேலை செய்கிறார்கள். இரவு சாவி உள்பக்கம் ஆணியில் தொங்குகிறது, விளக்கை அணைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன், எட்டுகிறது. லீவு என்று வந்தபோது கொஞ்சம் தயங்கினார். முன்பு போன நாலு பேரும் லீவு இல்லாமல்தான் போனார்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்தார், அப்புறம் "உண்மைதான்மா" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். சனி மாலை ஆறு முதல் ஞாயிறு மாலை ஆறு வரை ஆஃப், வாரத்தில் மூன்று ராத்திரி இன்னொரு அக்கா. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். சம்பளம் ஏற்றவில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார், அதையும் தாளில் எழுதச் சொன்னேன்.

சேர்ந்து நாலு நாள் ஆகிறது. எப்போ போவே என்று கேட்டவரிடம் காலண்டரை எடுத்துப் போய் உட்கார்ந்தேன். சனிக்கிழமையில் ஒரு பஸ் வரைந்தேன், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வீடு வரைந்தேன். பஸ்ஸில் போவேன், அடுத்த நாள் இந்த வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றேன். நம்பவில்லை. இந்தச் சனிக்கிழமை போய்விட்டு வந்தால்தான் நம்புவார் போல. ஒரு வருடம் கட்டாயம் இருப்பேன் என்று எனக்கு நானே சொல்லியிருக்கிறேன், அதற்கு மேல் அவரிடம் பொய்ச் சத்தியம் செய்ய மனசு வரவில்லை.

ஒரு சந்தேகம். ஃபிட்ஸ் உள்ள ஒருவருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடியிருக்கிறது, பிரஷ் பட்டாலே ரத்தம் வருகிறது, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

முடிச்சூர்_அக்கா

ஃபிட்ஸுக்கு அவர் எடுப்பது ஃபெனிடாயின் மாத்திரையா பார். அது வருடக்கணக்கில் எடுத்தால் சிலருக்கு ஈறு வளரும். மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது சொல், பல் டாக்டரிடமும் காட்டச் சொல். அதுவரை குழந்தைகளுக்கு விற்கிற மெத்துப் பிரஷ் வாங்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக்கொள். கண்ணாடி முன்னால் அவரை உட்கார வைத்து, நீ பின்னால் நின்று, அவர் கையிலேயே பிரஷ்ஷைக் கொடுத்து உன் கையை அதன்மேல் வை. முதல் நாள் முன்பல் இரண்டு மட்டும் போதும்.